ஒரு சிட்டிகை மரத்தூள்

என் கை எப்படித் தூள் தூவும் என்று எனக்குத் தெரியாதா? மூன்று விரல் சேர்த்து ஒரு சிட்டிகை மரத்தூளை எடுத்து, தூங்குகிற அணிலின் பிடரியிலிருந்து இடுப்பு வரை, முதுகெலும்பு ஓடுகிற வழியே ஒரு கோடு இழுப்பேன். வருடக்கணக்காக அப்படித்தான். அன்று காலை ஒற்றைக்காதன் என்கிற அணிலின் பெட்டியைத் திறந்தால் கோட்டைக் காணோம். தூள் இடுப்பின் மேல் குட்டி மேடாகக் குவிந்து கிடந்தது. உடனே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

நான் வேலை பார்ப்பது ஒரு ஆய்வுக்கூடத்தில். அங்கே குளிர் அறையும் அதற்குள் தூங்கும் தரை அணில்களும் என் பொறுப்பு. தூக்கம் என்றால் நீங்களும் நானும் தூங்குகிற தூக்கம் இல்லை. உடம்புச் சூடு இறங்கி இறங்கி, ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீர் பாட்டில் அளவுக்கு வந்துவிடும். நெஞ்சு எப்போதாவது ஒரு தடவை துடிக்கும். கையில் எடுத்தால் உருண்டைக் கல்தான். செத்துவிட்டது என்று சத்தியம் செய்வீர்கள்.

அந்தக் குளிரில் உடம்பு புரதம் செய்வதையே நிறுத்திவிடுகிறது. உயிரணுவுக்குள் புரதம் செய்வதற்கான குறிப்பு ஒரு நூல் மாதிரி நீண்டு கிடக்கும். ரைபோசோம் என்கிற பொடிப்பொடி இயந்திரங்கள் மணி கோத்தாற்போல அந்த நூலில் வரிசையாக ஏறி, குறிப்பைப் படித்துக்கொண்டே புரதத்தைக் கட்டும். உடம்புச் சூடு பாதிக்கும் கீழே போனதும் புதிதாக எந்த மணியும் ஏறாது. ஏற்கெனவே ஏறியவை வேலையை முடித்து உதிர்ந்துவிடும். ஆனால் நூலை உடம்பு தூக்கி எறியாது. காயை நறுக்கி மூடி வைத்துவிட்டு அடுப்பை அணைத்த மாதிரி எல்லாம் தயாராக இருக்கும், சமையல் மட்டும் நடக்காது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. இந்தப் பிராணிகள் குளிர்காலம் முழுக்க ஒரே மூச்சாகத் தூங்குவதில்லை. நடுநடுவே தாமாகவே வெடவெடவென்று நடுங்கிச் சூடேறி எழுந்து உட்காரும். கொஞ்ச நேரம் விழித்திருக்கும். அப்போது அடுப்பு எரியும், மணிகள் ஏறும், வேண்டிய புரதமெல்லாம் மளமளவென்று தயாராகும். பிறகு மறுபடி சுருண்டு கல்லாகிவிடும். ஏன் எழுகின்றன என்று கேட்டால் பெரிய பெரிய ஆட்களே தலையைச் சொறிவார்கள். இப்போது என் கையில் இருக்கும் அணில் பல நாளாக அசையாமல் கிடக்கிறதா, அல்லது நேற்று எழுந்து ஆட்டம் போட்டுவிட்டுப் படுத்ததா? தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே சில்லிப்பு. அதைக் கண்டுபிடிக்கத்தான் மரத்தூள். எழுந்தால் உடம்பை உதறும், தூள் விழுந்துவிடும். தூள் இருந்தால் அணில் எழவில்லை என்று அர்த்தம். உடம்புக்குள்ளேயே வெப்பமானியை வைத்துத் தைக்கிற வசதியான ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. எங்களுக்கு வாய்த்தது மரத்தூள்.

ஆக, தூள் மேடாகக் கிடந்தால் ஒரே ஒரு அர்த்தம்தான். ஒற்றைக்காதன் எழுந்திருக்கிறான். எழவேயில்லை என்று காட்டுவதற்காக யாரோ புதுத் தூளை எடுத்து வைத்திருக்கிறார்கள். அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். இன்னொன்று என் நாத்தனாரிடம்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் தங்கை. எங்கள் வீட்டில் தங்கி, எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள். வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டி. ஆள் என்னைவிட ஒரு சாண் உயரம், ஆனாலும் குட்டிதான். அவள் அந்தக் குளிர்காலத்தில் ஒரு காரியம் செய்துவிட்டாள். கல்லாகக் கிடந்த அணில்களின் ஈரலிலிருந்தும், தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பழுப்புக் கொழுப்பிலிருந்தும் துளித்துளி எடுத்து, சர்க்கரைக் கரைசலின் மேல் ஊற்றிச் சுழற்றினாள். உதிர்ந்த மணிகள் கனமில்லாததால் மேலேயே தங்கிவிடும். கோத்த மணிகள் கனத்தில் கீழே இறங்கி வரைபடத்தில் அலையலையாக மேடு காட்டும். குளிரில் மேடு வரக் கூடாது. அவளுக்கு வந்தது, இரண்டிலுமே. அதாவது, எல்லோரும் அணைந்துவிட்டது என்று நினைத்த அடுப்பு உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது.

எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ம்ம் சார். எது சொன்னாலும் "ம்ம்" என்பார், அந்த ஒரு முனகலிலேயே திட்டவும் செய்வார், பாராட்டவும் செய்வார். வரைபடத்தைப் பார்த்துவிட்டு இரண்டு முறை "ம்ம்" என்றார். ஆய்வுக்கூடமே தலைகால் புரியாமல் குதித்தது. குட்டியின் ஆய்வுக் காலம் அந்தக் குளிர்காலத்தோடு முடிகிறது. ஏற்கெனவே நீட்டித்தாயிற்று, இனி நீட்டிக்க மாட்டார்கள். இந்த மேடுகள் உண்மையென்றால் பட்டம் கையில். பொய்யென்றால் இத்தனை வருடமும் தண்ணீரில் கரைத்ததுதான், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். மேடுகளைச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் அம்மா அடுத்த வாரம் வருவதாக இருந்தது.

இந்த நேரத்தில் ஒற்றைக்காதன் முதுகில் குவியல். நீங்களே சொல்லுங்கள், எனக்குச் சந்தேகம் வருமா வராதா?

நான் சந்தேகப் பிராணி என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. கடையில் பழம் வாங்கினால் அடியில் இருப்பதைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பேன். போனில் யாராவது குரலைத் தாழ்த்தினால் என் காது தானாக நீளும். அதிலென்ன தப்பு? குளிர் அறைப் பொறுப்பை எனக்குக் கொடுத்ததே அதற்காகத்தான். கண்கொத்திப் பாம்பாக இல்லாவிட்டால் அந்த அறையில் ஒரு முடிவையும் நம்ப முடியாது.

அன்றிலிருந்து நாத்தனாரைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்தால் எல்லாம் தெரிகிறது. எனக்கு முன்பே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுகிறாள். நான் சமையலறைக்குள் நுழைந்தால் அண்ணனும் தங்கையும் பேச்சை மாற்றுகிறார்கள். அவளுடைய சாம்பல் நிற ஸ்வெட்டரின் கைகளில் மரத்தூள் ஒட்டியிருக்கிறது. குளிர் அறைக்குப் போய்வருகிற எவருடைய ஸ்வெட்டரிலும் அது ஒட்டியிருக்கும்தான், என்னுடையதிலும் உண்டு. ஆனால் அவளுடையதில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. சாப்பிடும்போது போட்டு வாங்கப் பார்த்தேன். ஒற்றைக்காதன் இந்தத் தடவை நல்லாத் தூங்குறான் போல என்று பேச்சை எடுத்தேன். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் ஆமாம் என்றாள். வீட்டுக்காரர்தான் தண்ணீர் குடிக்கும்போது புரையேறி இருமினார். தங்கைக்காக இவருக்கு ஏன் புரையேறுகிறது என்று அதையும் நான் விடவில்லை. இவருக்கு எல்லாம் தெரியும், தங்கையைக் காப்பாற்றுகிறார் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவில்லையே. அவரும் அதே வளாகம்தான். குளிர்சாதன மெக்கானிக். குளிர் அறையின் கம்ப்ரஸர் அந்த வருடம் படாதபாடு படுத்தியது. சத்தம் வரும், மூச்சு விடும், நின்றுவிடும். அவர் என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு போய், தட்டிக் கொட்டிச் சரி செய்துவிட்டு வருவார். வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லை. கல்யாணமான புதிதில் அதை நல்ல குணம் என்று நினைத்தேன். குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு தடவை, அணில் முதுகில் அந்தத் தூள் எதுக்கு என்று கேட்டார். எனக்கு ஆயிரம் வேலை. உங்களுக்கு எதுக்கு அது, மெஷினைப் பாருங்க என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அதே வாரம்தான் இன்னொன்றும் நடந்தது. திசு எடுப்பதற்காக வைத்திருந்த அணில் ஒன்றின் முதுகில் தூள் இல்லை. எழுந்துவிட்டிருக்கிறது. முந்தின நாள் குட்டி கதவை டமாரென்று சாத்தியதால்தான் என்று எனக்குத் தோன்றியது. வராந்தாவில் நாலு பேர் பார்க்க அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. தட்டு வைக்கிற சத்தம்தான் கேட்டது. அவள் மேல் தப்பு, நான் கேட்டேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க, திசு எடுக்கிற நாளில் ஒரு அணிலின் முதுகிலும் தூள் குறைந்ததில்லை. திட்டினால்தான் வேலை நடக்கிறது என்று நான் திருப்தியாகக்கூட இருந்தேன்.

இப்போது அந்தத் திருப்தியே என்னைக் குடைந்தது. ஒன்றுகூடவா எழவில்லை? குளிர் அறையின் மங்கல் வெளிச்சத்தில் தூள் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன், கோடா குவியலா என்று பார்த்ததில்லை.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி யோசித்தேன். குளிர் அறையில் வெள்ளை விளக்கு போட மாட்டோம், அணில்களைத் தொந்தரவு செய்யும் என்று. மங்கலான சிவப்பு விளக்கு ஒன்றுதான். சிவப்பு விளக்கின் கீழே சிவப்பும் வெளிர் நிறமும் ஒன்றுபோலவே தெரியும். முத்திரை குத்துகிற சிவப்பு மையில் கொஞ்சம் மரத்தூளை ஊற வைத்துக் காய வைத்தேன். வீட்டில் இல்லை, ஆய்வுக்கூடத்தின் பழைய சாமான் அறையில். மீதமிருந்த அணில்கள் ஒவ்வொன்றின் முதுகிலும் அந்தச் சிவப்புத் தூளால் என் கோட்டை இழுத்தேன். கதவோரம் டப்பாவில் இருந்த சாதாத் தூள் அப்படியே இருந்தது. மாற்றுகிறவர் அதிலிருந்துதானே எடுக்க வேண்டும். விட்டேனா பார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். இடையில் கம்ப்ரஸர் மறுபடி மக்கர் செய்தது, வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு ஒரு காலை சட்டைப் பையில் சின்ன டார்ச்சோடு உள்ளே போனேன். பெட்டி பெட்டியாக ஒரு கணம் வெள்ளை வெளிச்சம் காட்டினேன். சிவப்புக் கோடு, சிவப்புக் கோடு, சிவப்புக் கோடு. குண்டன் பெட்டியில் வெளிர் நிறக் குவியல். பஞ்சுப் படுக்கையின் மடிப்பில் என்னுடைய சிவப்புத் தூள் சிதறிக் கிடந்தது. அந்தக் குளிரிலும் எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. நான் நினைத்தது சரி என்கிற சந்தோஷமா, குட்டி இப்படிச் செய்துவிட்டாளே என்கிற வயிற்றெரிச்சலா, எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நேராக ம்ம் சார் அறைக்குப் போனேன். தூளை யாரோ மாற்றுகிறார்கள் என்றேன். சிவப்புத் தூள் கதையைச் சொன்னேன். இந்தத் தடவை அவர் "ம்ம்" சொல்லவில்லை. யார் என்று மட்டும் கேட்டார். நான் பெயரைச் சொல்லவில்லை. சாவி இரண்டு பேரிடம்தான் இருக்கிறது, ஒன்று என்னிடம் என்றேன். பெயர் சொல்லாமல் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியும். அதை நியாயம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

குட்டியைக் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது, கதவு கனமான கதவு. வெளியே வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. வராந்தாவில் என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணி, நீங்களா சொன்னீங்க?"

"தூள மாத்தினது நீயா?"

"நான் மாத்தல."

"அப்ப யாரு? அணிலே எழுந்து முதுகுல வச்சுக்கிட்டு மறுபடி படுத்துக்கிச்சா?"

ஒரு பார்வை பார்த்தாள். கெஞ்சுகிற பார்வையாக இருந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். அது அப்படி இல்லை. முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள். சோதிக்க வருகிற பேராசிரியர் அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ம்ம் சார் யோசிப்பதாகவும், மறுநாள் வரைக்கும் குட்டிக்கு நேரம் கொடுத்திருப்பதாகவும் மதியத்துக்குள் ஆய்வுக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது.

நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தாள். குற்றம் செய்தவள் எதையாவது வீட்டில் வைத்திருப்பாள் என்று மனம் அடித்துக்கொண்டது. ஒரு பொட்டலம் தூளாவது இருக்காதா? அவள் அறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. வந்த நாளிலிருந்து அவள் அதைத் தாழ் போட்டதே இல்லை. உள்ளே போனேன். மேசை, அலமாரி, தலையணை அடி, எல்லாம் பார்த்தாயிற்று. ஜன்னலோரம் அவளுடைய பெட்டி. அதன் மேல் அந்தச் சாம்பல் ஸ்வெட்டர் கிடந்தது. எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டுப் பெட்டி மூடியைத் தூக்கினேன். துணி, இரண்டு புத்தகம், மாத்திரை அட்டை, பழைய குடும்பப் படம். அந்தப் படத்தில் எனக்கும் அவளுக்கும் நடுவே வீட்டுக்காரர் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்பார். வேறொன்றும் இல்லை.

மூடியை இறக்கிவிட்டுப் பார்த்தால் தரையில் ஒரு சிட்டிகை மரத்தூள் கிடந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வரும்போது தரை சுத்தமாக இருந்தது. அப்படியானால் தூள் மூடியின் மேல் இருந்திருக்கிறது. நான் தூக்கியதும் சரிந்து விழுந்திருக்கிறது. வைத்திருக்கிறாள். அண்ணி பெட்டியைத் திறக்கிறாளா என்று பார்க்க, அணிலுக்கு வைக்கிற மாதிரி எனக்கு வைத்திருக்கிறாள். முதலில் வந்தது ஆத்திரம். என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு என்னையே சந்தேகப்படுகிறாளா? அப்புறம் மெல்ல உறைத்தது. சந்தேகப்பட்டது சரியாகத்தானே போயிற்று. நான் திறந்துதானே விட்டேன்.

அவள் வந்து பார்த்தால் தெரிந்துவிடும். அவ்வளவுதான், மறுபடி வீட்டில் பேச்சு நின்றுவிடும். தட்டுச் சத்தம்தான். அவசர அவசரமாகத் தரையில் உட்கார்ந்து, விரல் நுனியால் தூளைக் கூட்டி எடுத்து, பெட்டி மூடியின் மேல் வைத்தேன். என் கை கோடு இழுக்கிற கை. ஆனால் பயத்தில் தூள் குவியலாக விழுந்தது. கலைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் குவியல்.

"அப்படித்தான் எனக்கும் வந்துச்சு."

திரும்பினால் வாசலில் வீட்டுக்காரர், தோளில் வேலைப் பையோடு. சங்கதி கேள்விப்பட்டு ஓடி வந்திருக்கிறார், முகமெல்லாம் வியர்வை. அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வந்துச்சு உங்களுக்கு?" என்றேன்.

பையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மெஷினைத் தட்டிக் கொட்டும்போது சில அணில்கள் எழுந்துவிடுமாம். மறுநாள் ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனால், அவை பழையபடி சுருண்டு படுத்திருக்கும், தூள் மட்டும் இருக்காது. குட்டியை நான் வராந்தாவில் வைத்துக் கிழித்த நாள் அவர் மெஷின் வேலையாக அங்கேயே ஏணி மேல்தான் நின்றிருந்தாராம்.

"மெஷின் சத்தத்துல எழுந்துச்சுன்னு சொன்னா என்னைத் திட்டுவே. சொல்லாம விட்டா அவளைத் திட்டுவே. தூளை வச்சிட்டா யாரையும் திட்ட மாட்டே."

"எத்தனை தடவை?"

"எண்ணலயே." கொஞ்சம் நிறுத்தி, "அது ஏதோ பூச்சி வராம இருக்கப் போடுற மருந்துன்னு நெனச்சேன். நீதான் சொல்லவே இல்லையே" என்றார்.

அவர் கையில் இருந்தது என் சாவி. நான் ம்ம் சாரிடம் சொன்ன இரண்டு சாவியில் ஒன்று அது. குட்டி பக்கம் விரலை நீட்டினேன், கதவைத் திறந்து விட்டது என் சாவி. அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். இந்தக் காரியமே திட்டுக்குப் பயந்து நடந்தது என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். மூடுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

ஸ்வெட்டரைப் பழையபடி பெட்டி மேல் போட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு இருவரும் ஓடினோம். ம்ம் சார் முன்னால் வீட்டுக்காரர் திக்கித் திணறி ஒப்புக்கொண்டார். நான் குட்டியை நேராகப் பார்க்காமல், அவள் தொடவில்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். குட்டியின் பெயர் தப்பித்தது. ஆனால் ஆய்வு தப்பிக்கவில்லை. எந்த அணிலின் தூள் உண்மை, எது வீட்டுக்காரர் வைத்தது என்று இனி யாருக்கும் தெரியாது. குட்டி கண்ட மேடுகளெல்லாம் குளிரில் கோத்த மணிகளா, முந்தின நாள் எழுந்து சூடேறியபோது கோத்து இன்னும் உதிராமல் நின்றவையா? அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழவில்லை. எல்லாம் போச்சு என்று மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்றது. எல்லாம் போகவில்லை. குண்டனைத் தவிர மற்ற முதுகுகளில் என் சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. அந்தத் தூள் என்னைத் தவிர யார் கையிலும் இல்லை. அவை எழவில்லை, யாரும் மாற்றவும் இல்லை. அந்தக் குளிர்காலத்திலேயே சந்தேகமில்லாத அணில்கள் அவைதான். சொன்னேன். ம்ம் சார் வாழ்நாளிலேயே நீளமான "ம்ம்" ஒன்றைச் சொன்னார்.

வெளியிலிருந்து வந்த அம்மா, ஆள் குச்சியாக இருந்தாலும் சந்தேகத்தில் எனக்கு அக்கா. குளிர் அறைக்குள் அவரே வந்து, அவருடைய டார்ச்சைக் கொண்டுவந்து, ஒவ்வொரு சிவப்புக் கோட்டையும் குனிந்து பார்த்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. திசு எடுத்து, சர்க்கரைக் கரைசலில் சுழற்றி, வரைபடம் ஓடுகிற திரை முன்னால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஈரலில் மேடு இல்லை. உதிரி மணிகள் மட்டும்தான், மற்றபடி கோடு தரையோடு தரையாக ஓடியது. குட்டி என் கையைப் பிடித்தாள், யார் கை என்று பார்க்காமலே பிடித்திருக்க வேண்டும். அடுத்தது பழுப்புக் கொழுப்பு. கோடு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு லேசாகத் தூக்கியது. சின்னதாக, பிறகு இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. அடுத்த அணிலிலும் அப்படியே. எழும்போது முதலில் சூடேறுவது அந்தக் கொழுப்புதான். அந்தக் கல் உடம்பில் அந்த ஓர் அடுப்பு மட்டும் சிறுதீயில் இருக்கிறது போலும். பாதி போயிற்று, பாதி நின்றது. பட்டத்துக்கு அந்தப் பாதி போதும் என்றார் அந்த அம்மா.

அன்று மாலை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். வீட்டுக்காரர்கூட. பட்டம் வாங்கிய பிறகும் வேறெங்கும் போகவில்லை, ம்ம் சாரே இங்கே வேலை தருவதாகச் சொல்கிறார், இந்த வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்றாள் குட்டி. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்க சந்தேகத்தாலதான் அண்ணி நான் பொழச்சேன். சிவப்புத் தூள் இல்லேன்னா இன்னிக்கு நான் பெட்டி கட்டிட்டு இருப்பேன்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் பட்ட அவமானமெல்லாம் அந்த ஒரு பேச்சில் கரைந்தது. பார்த்தீர்களா, சந்தேகப் பிராணி என்று கேலி செய்தீர்களே என்று வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தேன். பெருந்தன்மை பொங்கிக்கொண்டு வந்தது. மனதில் ஒன்றையும் வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

"நீயும் என்னைச் சந்தேகப்பட்டேல்ல, பரவால்ல. பெட்டி மேல தூள் வச்சியே, அதுக்கெல்லாம் எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல" என்றேன்.

மேசைக்கு அடியில் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார்.

"எந்தப் பெட்டி?" என்றாள் குட்டி.

"அதான், உன் பெட்டி மூடி மேல. ஜன்னலோரம்."

அவள் புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், நடிக்கவில்லை. முகத்தில் விளையாட்டும் இல்லை.

"நான் ஒண்ணும் வைக்கலயே. ஸ்வெட்டரை அது மேலதான் போடுவேன். அதுலேர்ந்து உதிர்ந்திருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அந்தக் கண்கள் என் முகத்துக்கு வந்து, அண்ணன் முகத்துக்குப் போய், மறுபடி என்னிடம் வந்தன. நான் தண்ணீர் டம்ளரை எடுத்தேன். அதில் தண்ணீர் இல்லை.

"ஸ்வெட்டருக்கு அடியில இருந்த தூள் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது அண்ணி?"

நான் வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தையும் ஏறவில்லை. குட்டி தன் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தாழ் போடுகிற சத்தமும் கேட்டது.